கப்பலுக்குச் சொல்லாத சேதி

அத்தியாயம் பதினொன்று

இந்திராதேவி வடகடலுக்குப் போய் இன்றைக்கு ஆறாம் நாள். இரவல் வாங்கிய குளிர்க்கோட்டை ஒரு கையில் தொங்கவிட்டு, மறுகையால் இத்தாலிய முதலாளியம்மா சினியோரா ஆட்ரியானாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவள் பலெர்மோ விமான நிலையத்துக்குள் போன கோலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எண்பத்தொரு வயதில் சினியோராவுக்குப் பனிமலையும் திமிங்கிலமும் பார்க்கும் ஆசை பிறந்தது. மிலானிலிருக்கும் மகன் இரண்டு டிக்கெட் எடுத்தான். ஒன்று அம்மாவுக்கு, மற்றது அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் இந்திராவுக்கு. இருபது வருடமாகப் பிறத்தியார் வீட்டுத் தரையைத் துடைத்தவளுக்கு நோர்வேக் கரையோரமாகப் பத்து நாள் கப்பல் பயணம்! பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதித் தமிழ்ச் சனத்துக்கு ஒரு மாதமாக வேறு கதையே இருக்கவில்லை.

புறப்படும்போது புருஷன் விக்னராஜா அவளிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். கப்பல் ட்ரொம்சோ துறைமுகத்தில் நிற்கும்போது, அந்த ஊரிலேயே இருக்கும் அவளுடைய தமக்கை குகனேஸ்வரியைப் போய்ப் பார்க்கக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன் அந்த அக்கா இவர்களுடைய மகளுக்காக, "சயந்தினியை என்னட்டை விடுங்கோ, இஞ்சை நான் படிப்பிக்கிறன்" என்று கேட்டுவிட்டார். நல்ல மனத்தோடு கேட்டதுதான். ஆனால் தனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி விக்னராஜாவுக்குப் பட்டது. அன்றோடு கதை பேச்சு நின்றது. இந்திரா இரண்டு பக்கமும் இழுபட்டு, கடைசியில் புருஷனுக்கு ஓம் சொல்லிவிட்டுக் கப்பலேறினாள்.

செவ்வாய்க்கிழமை இரவு, யாழ்ப்பாணத்தில், இந்திராவின் தகப்பன் அம்பலவாணர் நித்திரையிலேயே போய்ச் சேர்ந்தார்.

சேதி கனடாவுக்குப் போனது, லண்டனுக்குப் போனது, நோர்வேக்குப் போனது. கப்பலுக்கு மட்டும் போகவில்லை. போகவிடாமல் மறித்து வைத்திருந்தவர் விக்னராஜா.

*

வியாழக்கிழமை காலை ஏழரை மணி. சமையலறை மேசையில் சீனிப் பேணியோடு கைப்பேசியைச் சாய்த்து வைத்து, விக்னராஜாவும் மகள் சயந்தினியும் செத்தவீட்டை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அப்போது பதினொரு மணி. இந்திராவின் தம்பி விதுரன் ஈர வேட்டியோடு நின்றான். பறைச் சத்தம் சின்னக் கைப்பேசிக்குள் அடங்காமல் கரகரத்தது.

பெட்டியை மூடப் போகும் நேரம், திரையின் மேலே ஒரு சேதி வந்து விழுந்தது. இந்திரா.

விக்னராஜா கைப்பேசியைச் சட்டென்று எடுத்தார். நேரலையை நிறுத்திவிட்டு அதைத் திறந்தார். ஒரு வீடியோவும் ஒரு குரல் பதிவும்.

வீடியோவில் இரண்டு மலைகளுக்கு நடுவே பனி அப்படியே ஆறாக இறங்கி வந்து கடலோரம் நின்றது. வெள்ளையாக இல்லை. உள்ளுக்குள் யாரோ நீலம் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்தது. அதற்கு மேலே ஒரு பெரிய கழுகு ஆறுதலாக வட்டமிட்டது.

"இஞ்சருங்கோப்பா, பாருங்கோ! நீல ஐஸ்!" இந்திராவின் குரல் காற்றோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தது. "இப்ப கொஞ்சம் முந்தி ஒரு துண்டு உடைஞ்சு தண்ணிக்குள்ளை விழுந்தது. ஷெல் விழுந்த சத்தம்! நான் சினியோராவையும் அமத்திப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சிட்டன். எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கினம். அது கிடக்கட்டும், முந்தநாள் அனுப்பின வீடியோவை விதுரன் அப்பாவுக்குக் காட்டினவனோ? அப்பா என்ன சொன்னவர்? கேட்டுச் சொல்லுங்கோ, என்ன?"

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அம்பலவாணர் நாற்பது வருடம் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் பாளங்களை உடைத்து உடைத்து இரண்டு கை விரல்களும் மரத்துப்போனவை. இந்திராவுக்குத் திமிங்கிலம் ஒரு பொருட்டே இல்லை. மனிதர் யாரும் உறைய வைக்காத ஐஸை அப்பாவின் கண்ணுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய பயணம்.

சயந்தினி தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். "என்னப்பா சொல்லப் போறியள்?"

விக்னராஜா கைப்பேசியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். தொண்டையைச் செருமினார். பிறகு சிரித்த குரலில், அதுவும் அவ்வளவு சுலபமாகச் சிரித்த குரலில், பேசினார்.

"ஓம் ஓம், விதுரன் காட்டினவனாம். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தரம் பாத்தவராம். 'உவ்வளவு ஐஸையும் சும்மா கடலிலை விழ விடுகினமே, ஒரு கோணிச் சாக்குப் போட்டு மூடி வைக்க அங்கை ஒருத்தரும் இல்லையோ' எண்டு கேட்டவராம்."

அனுப்பியும் விட்டார்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. வார்த்தை ஒன்றுமில்லை, வெறும் சிரிப்பு. மூச்சு வாங்க வாங்க இந்திரா சிரிக்கும் சத்தம். கடைசியில், "அப்பான்ரை கதை!" என்று இரண்டே இரண்டு சொல்.

சயந்தினி எழுந்து நின்றாள். போன மாதம் பதினெட்டு முடிந்தவள், பலெர்மோவில் பிறந்து பலெர்மோவில் வளர்ந்தவள். கோபம் வந்தால் தமிழும் இத்தாலியனும் ஒன்றாகக் கொட்டும்.

"நொன் எ ஜுஸ்தோ, அப்பா! இது நியாயமே இல்லை. பெட்டியை மூடுகினம், நீங்கள் அம்மப்பா கதைச்ச மாதிரிக் கதைக்கிறியள்!"

"வேறை என்ன சொல்லச் சொல்லுறாய்?"

"உண்மையை."

"சொல்லி? சனிக்கிழமைதான் கப்பல் கரைக்கு வருது. கடலுக்கை குதிச்சு நீந்திப் போவாளோ? அம்மம்மா செத்த சேதி கேட்டு இதே இடத்திலை விழுந்தவள், ரெண்டு நாள் ஆசுப்பத்திரி. நீயும்தானே பாத்தனி? அங்கை விழுந்தா ஆர் தூக்கிறது? சக்கர நாற்காலியிலை இருக்கிற கிழவியோ?"

தகப்பன் சொன்னதில் பொய்யில்லை என்பது சயந்தினிக்கும் தெரியும். அன்றைக்குத் தாயின் தலை மேசை விளிம்பில் அடிபட்ட சத்தம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

"ஆனா அது அம்மான்ரை அப்பா," என்றாள் மெதுவாக. "எப்ப அழுறதெண்டு நீங்கள் சொல்ல ஏலாது."

மறுபடி நேரலையைப் போட்டபோது பெட்டி சுடலைக்குப் போய், முற்றம் வெறிச்சோடிக் கிடந்தது. பெண்கள் மட்டும் நின்று அழுதுகொண்டிருந்தார்கள்.

*

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் முதலில் சோறாவது நிறைய வேண்டும். விக்னராஜாவிடம் அதுவும் இல்லை. ஒன்பது மணிக்கு 'பலெர்மோத் தமிழர்' வட்ஸ்அப் குழுவில் மரண அறிவித்தல் வந்து இறங்கியது. அம்பலவாணரின் படம், நெற்றியில் விபூதி, கீழே வரிசையாக உறவுகள். 'குகனேஸ்வரி (நோர்வே), இந்திராதேவி (இத்தாலி), விதுரன் (இலங்கை) ஆகியோரின் அன்புத் தந்தையும், விக்னராஜாவின் அன்பு மாமனாரும் ஆவார்.' தன் பெயரை அதில் பார்த்ததும் விக்னராஜா கதிரையை விட்டு எழும்பினார். அந்தக் குழுவில் இந்திராவும் இருக்கிறாள்.

போட்டவர் செலஸ்ரீனா. மன்னார்க்காரி, நல்ல மனுசி, யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதல் ஆளாக நிற்பவர். பல்லரோச் சந்தையில் மரக்கறிக் கடை ஒன்றில் வேலை. விக்னராஜா செருப்பைக்கூடச் சரியாகக் கொழுவாமல் சந்தைக்கு ஓடினார். கத்தரிக்காய் விலையைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்த வியாபாரிகளுக்கு நடுவே அவரைப் பிடித்தார்.

"தங்கச்சி, உதை உடனை அழியும்! இந்திராவுக்கு இன்னும் தெரியாது."

"ஐயோ அண்ணை, எனக்குத் தெரியாதே!" செலஸ்ரீனா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். "பாருங்கோ, இருபத்திரண்டு பேர் அனுதாபம் போட்டிட்டினம். நான் மெழுகுதிரிப் படமும் போட்டனான்."

"மெழுகுதிரியையும் அழியும்."

"ஒவ்வொருத்தரும் தங்கட தங்கட மெசேஜைத்தான் அழிக்கலாம் அண்ணை."

"அப்ப ஒவ்வொருத்தருக்கும் அடிச்சுச் சொல்லும். உமக்குப் புண்ணியம் கிடைக்கும்."

செலஸ்ரீனா சொன்னபடி செய்தார். கடைக்கார இத்தாலியன் வாடிக்கையாளரைக் காட்டிக் காட்டிக் கத்த, இவர் ஒரு கையால் தக்காளியை நிறுத்தபடி மறுகையால் இருபத்திரண்டு பேரையும் அழைத்து முடித்தார். பிறகு குற்றவாளியைப் போல விக்னராஜாவைப் பார்த்தார்.

"அண்ணை, ஒண்டு மட்டும் அழிக்க ஏலாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஃபாதரிட்டை ஐயான்ரை பேரைக் குடுத்திட்டன்."

விக்னராஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அது நடக்கட்டும்," என்றார். "அதுக்குள்ளை அவளுக்குத் தெரிஞ்சிடும்."

சந்தையை விட்டு வெளியே வருவதற்குள் கைப்பேசி அடித்தது. மூன்று வருடமாக அடிக்காத எண். குகனேஸ்வரி அக்கா.

எடுக்காமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

"சொல்லுங்கோ அக்கா."

"இந்திராவுக்குச் சொல்லியாச்சோ?" அழுது அழுது கரகரத்த குரல். சுகம் விசாரிக்கவில்லை, பழைய கதை எடுக்கவில்லை.

"இல்லை அக்கா. உங்கடை காலிலை விழுந்து கேக்கிறன், நீங்களும் சொல்லாதேங்கோ. அம்மான்ரை நேரம் அவள் விழுந்தது உங்களுக்குத் தெரியும்தானே."

அந்தப் பக்கம் அக்கா மூக்கைச் சிந்தினார்.

"சரி, நான் சொல்லேல்லை. ஆனா சனிக்கிழமை கப்பல் எங்கடை ஊருக்குத்தான் வருது. நான் இறங்குதுறையிலை போய் நிண்டு, அவளைக் கட்டிப் பிடிச்சுச் சொல்லுவன். அதை நீங்கள் மறிக்கப்படாது."

"அக்கா, அது..."

"எங்களுக்கு இனி அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, விக்னராஜா. ரெண்டு பேரும் ஒரு ஊரிலை நிண்டுகொண்டு, முகம் பாக்காமல் போறதோ?"

விக்னராஜா சந்தைச் சுவரில் சாய்ந்து நின்றார். அந்தக் கேள்விக்கு ஓமென்று சொல்ல அவருடைய வீம்பு விடவில்லை. இல்லையென்று சொல்ல மனச்சாட்சி விடவில்லை. "பாப்பம் அக்கா," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் சயந்தினி கைப்பேசியை நீட்டினாள். குழுவில் 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்ற வரி ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றது.

"இருபத்திநாலு தரம், அப்பா. இதைப் பாத்தாலே அம்மாவுக்கு விளங்கும், ஆரோ செத்திட்டினமெண்டு."

*

இரண்டு மணிக்கு இந்திரா வீடியோவில் அழைத்தாள். குழுவை இன்னும் பார்க்கவில்லைப் போலும். விக்னராஜா மொண்டெல்லோவிலிருக்கும் உணவகத்துக்கு வேலைக்கு வெளிக்கிட இன்னும் நேரம் இருந்தது. முகத்தைக் கழுவி, தலையை இழுத்து, சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டுதான் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

கம்பளித் தொப்பிக்குள் இந்திராவின் முகம். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. பின்னால் சாம்பல் நிறக் கடல்.

"திமிங்கிலம் பாத்தனானப்பா! முதலிலை மூச்சு விட்ட தண்ணிதான் தெரிஞ்சது. பிறகு வால் மட்டும் மேலை வந்து, அப்பிடியே கீழை போனது. சினியோரா அழுதிட்டா. கடல்நாயள் பாறையெல்லாம் கிடக்குதுகள், மத்தியானம் சாப்பிட்டுப்போட்டு நீங்கள் கிடக்கிற மாதிரி!"

விக்னராஜா சிரித்தார். அந்தச் சிரிப்பு உண்மையாகவே வந்தது. இருபது வருடத்தில் மனைவியின் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவர் கண்டதில்லை. இன்னும் இரண்டு நாள் இது இருக்கட்டுமே என்றுதான் நினைத்தார். அவருடைய பொய்க்கு வேராக இருந்தது அந்த ஆசைதான், அதை நாமும் மறக்கக் கூடாது.

"அப்பா சொன்ன சாக்குக் கதையைச் சினியோராவுக்கு இத்தாலியனிலை சொன்னனான். அவ பக்கத்து மேசைக்காரருக்குச் சொல்லி, அவை தங்கடை ஆக்களுக்குச் சொல்லி..." இந்திரா சட்டென்று நிறுத்தினாள். கண்கள் புருஷனின் தோளைத் தாண்டிப் பின்னால் போயின. "ஏனப்பா சாமித்தட்டுத் திரை மூடிக் கிடக்கு?"

விக்னராஜாவுக்கு உச்சந்தலையில் இடி விழுந்தது.

மனிதர் எல்லாவற்றையும் மறைத்தார், துடக்கை, அந்தச் சாவுத் தீட்டை, மறைக்கத் தெரியவில்லை. மாமனார் செத்தால் மருமகனுக்கு எத்தனை நாள் துடக்கு என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் துடக்கு வீட்டில் விளக்கேற்றக் கூடாது என்பது தெரியும். நேற்றுக் காலை சேதி கேட்டதும் முதல் வேலையாகத் திரையை இழுத்து மூடியிருந்தார். மனைவிக்கு வாய் கூசாமல் பொய் சொல்லத் துணிந்தவர், சாமிக்கு முன்னால் துணியவில்லை.

"அது... பிள்ளைக்கு மாதத் துடக்கு. அதுதான் மூடினனான்."

சமையலறை வாசலில் நின்ற சயந்தினியின் முகம் சிவந்து போயிற்று.

கப்பலில் இந்திராவின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. "அவள் நான் வெளிக்கிட முதல்நாள்தானே தலை முழுகினவள்," என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

"ஆர்?" இந்திரா கேட்டாள். "என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. ஆர்? விதுரனோ?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலிலேயே மிச்சம் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

சயந்தினி வந்து தகப்பனின் பக்கத்தில் குந்தினாள். "அம்மா, அம்மப்பா. செவ்வாய்க்கிழமை இரவு. நித்திரையிலைதான் அம்மா, ஒரு வருத்தமும் இல்லையாம். இண்டைக்குக் காலமை எல்லாம் முடிஞ்சுது."

திரையில் கடல் ஆடியது, கப்பலின் கம்பி வேலி ஆடியது. பிறகு இந்திராவின் முகம் திரும்பவும் வந்தது. எங்கேயோ உட்கார்ந்திருந்தாள். விழவில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிந்து தொப்பிக் கயிற்றில் ஊறியது, ஆனால் விழவில்லை. சுருங்கிய கை ஒன்று, பெரிய மோதிரம் போட்ட கை, பக்கத்திலிருந்து வந்து அவளுடைய தோளைப் பிடித்தது. சக்கர நாற்காலியிலிருந்து அவ்வளவு தூரம் எட்ட சினியோராவுக்கு எப்படி முடிந்ததோ தெரியாது.

"இந்திரா," என்றார் விக்னராஜா. "நீர் தனிய நிண்டு... அதுதான் நான்..."

"செவ்வாய்க்கிழமை செத்த மனிசன்," அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள், "இண்டைக்குக் காலமை சாக்கு கேட்டவரோ?"

விக்னராஜா கையைப் பிசைந்தார்.

"எத்தினை தரம் கேட்டுக் கேட்டுச் சிரிச்சனான் தெரியுமே? கப்பல் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான். என்ரை அப்பாவை அங்கை எரிச்சுக்கொண்டு இருக்கேக்கை."

"நான் உமக்காகத்தானப்பா..."

"அவர் எப்பிடிக் கதைப்பாரெண்டு உங்களுக்கு எவ்வளவு வடிவாத் தெரிஞ்சிருக்கு! நான் துண்டாச் சந்தேகப்படேல்லை." இப்போதுதான் குரல் உடைந்தது. "இனி அப்பா சொன்னதெண்டு எதை நினைச்சாலும் எனக்கு உங்கடை குரல்தானே கேக்கும்."

விக்னராஜா தலையைக் குனிந்தார். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மயங்கி விழுந்திருந்தால்கூட, தான் பயந்தது சரிதான் என்று ஒரு ஆறுதல் இருந்திருக்கும். அவள் நேராக உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை. இவ்வளவு காலமும் இவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்தது தன்னுடைய நினைப்பு மட்டும்தானா என்று முதல்முறையாக ஒரு பயம் வந்தது.

"அக்காவுக்குத் தெரியுமோ?" இந்திரா கேட்டாள்.

"தெரியும். நான்தான் சொல்லவேண்டாமெண்டு..."

"அவவின்ரை வாயையும் பொத்தினியளோ?" மூக்கைத் துடைத்தாள். "சனிக்கிழமை நான் அக்காவிட்டை இறங்குறன். உங்களுக்குத் தந்த வாக்கு கடலோடை போகட்டும்."

"ஓம், போம். கட்டாயம் போம்."

"நான் உங்களிட்டைக் கேக்கேல்லை."

தொப்பியை இழுத்துவிட்டு, "பிள்ளையைக் குடுங்கோ," என்றாள். "தனியக் கதைக்கோணும்."

சயந்தினி கைப்பேசியை வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். விக்னராஜா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார். கீழே சந்தைக்காரன் யாரோ கடைசிப் பெட்டி மீனை ஏலம் போட்டுக்கொண்டிருந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் மகள் அழுவது கேட்டது, பிறகு தாழ்ந்த குரலில் நெடுநேரம் கதைப்பது கேட்டது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. "ஓம் அம்மா" என்பது இரண்டு தரமும், "பெரியம்மா வீடு" என்பது ஒரு தரமும் மட்டும் தெளிவாகக் கேட்டன.

வேலைக்கான பஸ் போய்விட்டது. அவர் எழும்பவில்லை.

கதவு திறந்தது. சயந்தினி முகத்தைத் துடைத்திருந்தாள். தகப்பனைப் பார்க்காமல் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, என்ரை பாஸ்போட்டை எங்கை வச்சிருக்கிறியள்?"